நாற்பத்தைந்து லிட்டர்

சின்ன அலைக்குச் சின்னப் பலகை போதும் என்றொரு நம்பிக்கை உலகத்தில் நிலவுகிறது. அது தவறு. இந்தத் தவறால் எந்த நாட்டிலும் அரசு கவிழ்ந்ததாகவோ பஞ்சம் வந்ததாகவோ செய்தி இல்லைதான். ஆனாலும் அதை ஒரு ஊரே ஒன்றுகூடி, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, காலை ஆறு நாற்பதுக்கு ஒரு பொறியாளரின் முன்னிலையில் செய்தால் என்ன ஆகும் என்பதை நெடுமணற்குப்பம் கண்டிருக்கிறது என்பதால், கதைக்குள் போகுமுன் அதைத் திருத்திவிடுவது கடமையாகிறது. வலுவுள்ள அலை ஆளைத் தானே தள்ளிக்கொண்டு போகும்; அதற்கு ஒடுங்கிய, மெலிந்த, மூக்கு தூக்கிய பலகை போதும், ஏனென்றால் வேலை முழுவதையும் அலை பார்த்துக்கொள்கிறது, பலகைக்குத் திரும்பத் தெரிந்தால் சரி. வலுவில்லாத அலையோ தன்னைத் தூக்கிக்கொண்டு வருவதற்கே மூச்சு வாங்குகிறது. அதனிடம் போய் ஆளையும் தூக்கு என்றால் முக்கால் வேலையைப் பலகைதான் செய்தாக வேண்டும். ஆகவே அலை எவ்வளவு நோஞ்சானோ, பலகை அவ்வளவு அகலமாகவும் தடிப்பாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். இதை அறிந்தவர் நெடுமணற்குப்பத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை.

அவள் பெயர் தேசம்மா, வயது நாற்பத்தொன்று. பைபர் போட்டுகளில் விழுகிற ஓட்டையை அடைப்பது அவள் வேலை. ஊரில் அலைச்சறுக்குக் கிளப் என்று ஒன்று முளைத்து, இளவட்டங்கள் பலகைகளை உடைக்கத் தொடங்கியபோது அவையும் அவள் கொட்டகைக்கே வந்து சேர்ந்தன, ஏனென்றால் போட்டும் பலகையும் ஒரே ரெசின், ஒரே நாரிழைத் துணி, ஒரே முட்டாள்தனத்தால் உடைபவை. ஒட்டிய பலகையில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்காமல் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வராது; அதனால் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பலகையைக் கடலுக்குள் எடுத்துப்போய், அதன்மேல் எழுந்து நின்று நாலு அலையில் கரைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டு, ஈரம் கசிகிற இடத்தைத் தேடுவாள். ஒன்பது வருடத்தில் எழுநூறு பலகைக்குமேல் இப்படிப் பார்த்திருப்பாள். தேசம்மா செய்தால் இதற்கு ஊரில் ‘செக் பண்றது’ என்று பெயர். தரணிவேல் செய்தால் அலைச்சறுக்கு என்று பெயர்.

தரணிவேல் மாநில அளவில் இரண்டு பதக்கம் வாங்கியவன், இருபத்துநான்கு வயது, இருபத்தாறு லிட்டர். லிட்டரை விளக்க வேண்டும். ஒரு பலகையை நீளம், அகலம், தடிப்பு என்று மூன்றாக அளந்து, கடைசியில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை லிட்டரில் சொல்வார்கள். லிட்டர் கூடினால் மிதப்பு கூடும், அவ்வளவுதான், அதில் ஊற்றிக் குடிக்க ஒன்றுமில்லை. ஆனால் திறமைசாலிகள் குறைந்த மிதப்பிலும் சமாளிப்பார்கள் என்று எவனோ ஒருவன் எங்கோ சொல்லிவைக்க, நெடுமணற்குப்பம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, குறைந்த லிட்டர் வைத்திருப்பவன் எல்லாம் திறமைசாலி என்று முடிவுகட்டியது. பலகையின் அடியில் பென்சிலால் எழுதுகிற அந்த எண், போகப்போக ஆளுக்கு எழுதுகிற எண்ணாக மாறியது. முப்பது லிட்டர்க்காரன் இருபத்தெட்டு லிட்டர்க்காரனுக்கு டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். பெண் கேட்டு வருகிறவர்களிடம் “பையன் எத்தினி லிட்டரு?” என்று கேட்டுவிட்டுத்தான் காபி கொடுத்தார்கள். உட்கார்ந்தால் மூழ்கிப்போகிற பலகையில் மார்பளவு தண்ணீருக்குள் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டு, வருகிற அலையை எல்லாம் “இதுல வலு இல்லடா” என்று விட்டுவிட்டு, பத்து மணிக்கு ஒரு அலையும் ஏறாமல் வீடு திரும்புகிற இருபது வாலிபர்கள் அந்த ஊரில் இருந்தார்கள், ஊர் அவர்களைப் பார்த்துப் பெருமைப்பட்டது.

இப்படி இருக்கையில், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு, ஒரு அலை கடலைவிட்டு வெளியே வந்தது. எல்லா அலையும் வருகிற தூரம் வந்து நுரைத்துத் திரும்பாமல், இழுத்துப் போட்டிருந்த நாற்பத்திரண்டு போட்டுகளுக்கு நடுவே விலாசம் தேடி வந்த விருந்தாளியைப்போல் நுழைந்து, மணலைத் தாண்டி, நடுத்தெருவின் சிமெண்ட் சாலையில் ஏறி, டீக்கடையையும் ரேஷன் கடையையும் ஊராட்சி அலுவலகத்தையும் அதன் வாசலில் இருக்கிற வேகத்தடையையும் கடந்து, தெருக்கோடியில் இருக்கிற பஸ் நிறுத்தத்தை ஒரு சுற்று சுற்றி, அங்கே பதினோரு நிமிடம் குட்டையாய்த் தங்கி, பிறகு வந்த வழியே திரும்பிப்போய்க் கடலில் சேர்ந்துகொண்டது. முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது அதன் உயரம். போன பிறகு தெரு ஈரமாக இருந்தது. மறுநாளும் ஆறு நாற்பதுக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

முதல் நாள் ஓடியவர்கள் இரண்டாம் நாள் ஒதுங்கி நின்றார்கள், மூன்றாம் நாள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், நான்காம் நாள் யாரும் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. டீக்கடைப் பெஞ்சுகளுக்குக் காலுக்கு இரண்டு செங்கல் வைத்தார்கள். ஆறு நாற்பது பஸ்ஸின் டிரைவர் அலை சுற்றித் திரும்பும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருக்கப் பழகினார். பெண்கள் மீன் அரிந்த சட்டிகளை வாசலில் வைத்தார்கள், அலை போகையில் அலசி, வருகையில் இன்னொரு தரம் அலசிக் கொடுத்தது. தொல்லை ஒன்றே ஒன்றுதான்: வாசலில் கிடக்கிற செருப்புகளை அலை போகும்போது எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பும்போது பொறுப்பாகக் கொண்டுவந்து வைக்கும், ஆனால் வீடு மாற்றி வைக்கும். இதனால் பல வருடமாகப் பேசாதிருந்த நாத்தனாரும் அண்ணியும் செருப்புக்காகப் பேச வேண்டிவந்து, பேசியதால் மறுபடி சண்டை போட்டார்கள். தேசம்மாவுக்கும் அவள் நாத்தனார் இருசம்மாளுக்கும் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஊருக்கு அந்த அலையைப் பிடிக்கவில்லை. அதிசயம் என்று வந்தால் ஒரு தோரணையோடு வர வேண்டாமா என்பது ஊரின் எண்ணம். பனைமர உயரத்துக்கு எழும்பி வந்திருந்தால் பயந்திருக்கலாம், கோயிலாவது கட்டியிருக்கலாம்; முட்டிக்குக்கூட எட்டாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் நாய் படுத்திருந்தால் சுற்றிப் போகிற ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க்காரன் முகத்தில் எப்படி விழிப்பது? “உங்க ஊர் அலை தவழுதாமே, எப்ப நடக்கும்?” என்று மீன் ஏலத்தில் கேட்டார்கள். கிளப்பு வாலிபர்கள் அது வருகிற நேரத்தில் முதுகைக் காட்டி நின்றார்கள். தேசம்மாவுக்கும் அதன்மேல் மரியாதை ஒன்றும் கிடையாது. “வந்துட்டாருபா தொரை” என்பாள். ஆனால் ஓட்டையானாலும் ஒட்டானாலும் அளக்காமல் விடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. அதனால் தினமும் கொட்டகை வாசல் மின்கம்பத்தில், அலை தொட்ட ஈரத்துக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாயின.

பங்குனியில் பொறியாளர் வந்தார். ஏகாம்பரநாதன் என்று பெயர்; கரைப் பாதுகாப்பு அவர் பொறுப்பு. ஒரு நாள் முழுக்க டேப்பு பிடித்து, சுண்ணாம்பால் மணலில் ஒரு கோடு இழுத்தார். கோடு நாற்பத்திரண்டு போட்டுகளும் நிற்கிற இடத்தில் தொடங்கி, தேசம்மாவின் கொட்டகைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. அந்தக் கோட்டின்மேல் ஆள் உயரத்துக்குக் கருங்கல் கொட்டப்போவதாகச் சொன்னார்.

கல் கொட்டினால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கே நாலு ஊரில் கொட்டியிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் இருக்கிற மணலைக் கடல் தின்றுவிடும், மணல் போனால் போட்டை இழுத்துப் போட இடமில்லை, போட்டை வேறு ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ் ஏறிக் கடலுக்குப் போக வேண்டும். தேசம்மாவின் கணவன் கன்னியப்பன் அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாமல் இருப்பதை அவள் பதினேழு வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஊர்த்தலைவர் அஞ்சாபுலி பொறியாளரை நாற்காலி போட்டு உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்.

“சார், அது ஒண்ணும் பண்லியே சார். வருது, போவுது. மாடு மாரி.”

“மாடுன்னா எனக்கு சம்பந்தமே இல்லீங்க, கால்நடைக்கு எழுதிட்டுப் போயிடுவேன்” என்றார் ஏகாம்பரநாதன். கெட்டவர் இல்லை, கட்டங்களுக்குள் எழுதிப் பழகியவர். “என் படிவத்துல மூணு கட்டம்தான் இருக்கு. பேரிடர், ஆக்கிரமிப்பு, விளையாட்டு. பேரிடர்னா கல்லு. ஆக்கிரமிப்புன்னா நோட்டீஸ் குடுக்கணும், அலைக்கு எந்த விலாசத்துல நோட்டீஸ் ஒட்டுறது? விளையாட்டுன்னா எங்களுக்கு வேலையே இல்ல.”

“விளையாட்டுன்னு எழுதிடுங்க சார்.”

“நான் எப்படி எழுதறது? யாராவது விளையாடணும்ல? ஒருத்தர் அது மேல நின்னுகிட்டு, தெருவோட ஒரு முனைலேருந்து இன்னொரு முனைக்கு விழாம வந்துட்டா எழுதறேன்.” எழுந்துபோய், கொட்டகை வாசல் மின்கம்பத்தில் தன் முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டார். “ஆனா இதைத் தாண்டிச்சுன்னா யார் நின்னாலும் பேரிடர்தான். சித்திரை பதினாறு வர்றேன். லாரியும் கூடவே வரும். விளையாட்டுன்னா திருப்பி அனுப்பிடுவேன்.”

ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. நிற்பதுதானே? நிற்பதற்கு இரண்டு பதக்கம் வாங்கியவன் ஊரில் இருக்கிறானே.

தேசம்மா மட்டும் நிம்மதியாகவில்லை. அன்று சாயங்காலமே கடப்பாறை உயரத்துக்கு தெர்மாகோல் போன்ற ஒரு வெள்ளை நுரைக்கட்டையை எடுத்துக் கொட்டகை நடுவில் போட்டாள். கன்னியப்பன் பக்கத்தில் வந்து குந்தினான்.

“இன்னா பண்ணப் போற?”

“பலகை.”

“யாருக்கு?”

“அந்தச் சோம்பேறிக்கு” என்று தெருவைக் காட்டினாள்.

அவள் செய்த பலகையின் அளவுகளை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரின் மணல் அதில்தான் இருந்தது. நீளம் ஐந்தடி எட்டங்குலம். அதற்குமேல் நீளம் வைத்தால் பஸ் நிறுத்தத்தில் திருப்ப இடம் போதாது. அகலம் இருபத்துமூன்று அங்குலம். தரணிவேல் பலகை பதினெட்டரை. தடிப்பு மூன்று அங்குலம், அதுவும் நெஞ்சு படுகிற இடத்தில், ஏனென்றால் வலுவில்லாத அலையைப் பிடிக்கிற காரியம் நிற்பதற்கு முன்னால் படுத்திருக்கும்போதே முடிந்துவிடுகிறது. அலைச்சறுக்குப் பலகைகளுக்கு மூக்கிலிருந்து வால்வரை படகின் அடிபோல ஒரு வளைவு உண்டு. செங்குத்தான அலையில் மூக்கு குத்தாமலிருக்க அது வேண்டும், தட்டையான அலையிலோ அதே வளைவு பிரேக்கைப் போல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். அவள் வளைவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, சிமெண்ட் தரையில் வைத்தால் மூக்குக்கு அடியில் மூன்று விரல்தான் நுழையும் என்கிற அளவுக்குக் குறைத்தாள். வாலை ஒடுக்காமல் அகலமாகவே விட்டு, நடுவில் வவ்வால் மீனின் வாலைப்போல் வெட்டினாள். அடியில், பலகை பக்கவாட்டில் நழுவாமலிருக்க ஒட்டுகிற நெட்டையான மூன்று துடுப்புகளுக்குப் பதில், தாழ்ந்து நீண்ட இரண்டு துடுப்புகளை, உடைந்த போட்டின் பக்கப் பலகையிலிருந்து அறுத்துப் பொருத்தினாள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இல்லை, ஏனென்றால் கடலுக்கு அடியில் மணல் இருக்கிறது, நடுத்தெருவுக்கு அடியில் சிமெண்ட் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்து லிட்டர். அவள் எழுபது கிலோ. பலகையின் அடியில் பென்சிலால் எண்ணை எழுதினாள், சின்னதாக எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதை ஊர்க்கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது முதலில் சிரித்தவன் தரணிவேல்.

“யக்கா, இன்னாக்கா இது, வூட்டுக் கதவைப் பேத்துக்கினு வந்துட்டியா?”

“இதுல ஏறிப் போடா. உன்னுது அந்த அலையில நிக்காது.”

“எனுக்கு நிக்கறதுக்குச் சொல்லித் தர்றியா?”

“நிக்கறது உனுக்குத் தெரியும். மெதக்கறது தெரியாது. நீ அலை தள்ளும்னு நெனச்சிக்கினு கீற. அது தள்ளாது. அதுக்கே யாராவது தள்ளி வுடணும்.”

வாலிபர்களில் ஒருவன் பலகையைக் கவிழ்த்து எண்ணைப் படித்தான். “நாப்பத்தஞ்சாம்டா!” என்றான். கூட்டம் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் எழுந்து பறந்தன. “ரெண்டு பேரு படுக்கலாம்.” “தலகாணி இருக்கா யக்கா?” “வெங்காயம் காய வைக்கலாம்டா, எறிஞ்சிடாதீங்க.”

அஞ்சாபுலி கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். அவரும் சிரித்து முடித்திருந்தார். “தேசம்மா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். நாளைக்கு அக்கம்பக்கம் நாலு ஊரு வந்து நிக்கும். நெடுமணக்குப்பம் நாப்பத்தஞ்சு லிட்டர்ல நின்னுச்சுன்னு தெரிஞ்சா எவன் நம்ம பசங்களுக்குப் பொண்ணு குடுப்பான்?”

“மணலே இல்லாத ஊர்ல எவன் குடுப்பான் மாமா?”

“அது அப்பறம். மானம்னு ஒண்ணு கீதுல்ல?”

ஊர் மானத்துக்கு இருபத்தாறு லிட்டர் என்று தீர்மானம் ஆயிற்று. தீர்மானத்தை ஊர் நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தேசம்மா பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். “முட்டாப் பசங்க” என்றாள் கன்னியப்பனிடம். “இவனுங்க சிரிக்கறதுக்கு இருக்கற வலுவுல பாதி அந்த அலைக்கு இருந்திருந்தா தரணியே போதும்.”

சித்திரை பதினாறு விடிந்தது. பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் கருங்கல் ஏற்றிய இரண்டு லாரிகள் நின்றன. அக்கம்பக்கம் நாலு ஊரும் கூரைகளிலும் மதில்களிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. தரணிவேலுக்கு மாலை போட்டு, பலகைக்கும் மாலை போட்டார்கள்; பலகை அந்த மாலையின் பாரத்திலேயே கொஞ்சம் தாழ்ந்ததாக இருசம்மாள் பிற்பாடு சொன்னாள். பொறியாளர் டீக்கடை வாசலில், செங்கல்மேல் உயர்த்திய பெஞ்சில், பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

ஆறு நாற்பதுக்கு அலை வந்தது. என்றும்போல் வந்தது, கூட்டத்தைப் பார்த்து ஒரு விரல்கூட உயரவில்லை.

தரணிவேல் அழகாகப் பாய்ந்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையால் நாலு தரம் தண்ணீரை வலித்தான், பலகை அவனோடு தண்ணீருக்குள் முக்கால்வாசி அமிழ்ந்து, அலை அவனுக்கு அடியில் புகுந்து, “மன்னிக்கணும்” என்கிற மாதிரி முன்னால் போய்விட்டது. அவன் எழுந்து, தண்ணீரிலேயே ஓடி, அலையை முந்தி, மறுபடி பாய்ந்தான். இந்த முறை எழுந்து நின்றான், ஊர் கத்தியது. பலகை நகரவில்லை என்று தெரிந்ததும், போட்டிகளில் செய்வதுபோல் இடுப்பை ஒடித்து, கைகளை வீசி, முன்காலை அழுத்தி அழுத்தித் துள்ளினான். தூரத்திலிருந்து பார்த்தால் உடம்பில் எறும்பு ஏறியவனைப் போலிருந்தது. இப்படித் துள்ளியே டீக்கடையைத் தாண்டினான், ரேஷன் கடையையும் தாண்டினான். ஊராட்சி அலுவலக வாசலில் பலகையின் மூன்று நெட்டைத் துடுப்புகளும் வேகத்தடையில் மாட்டிக்கொண்டன. பலகை நின்றது, தரணிவேல் நிற்கவில்லை. அலை, படுத்திருக்கிற நாயைச் சுற்றிப் போவதுபோல், சிமெண்டில் குப்புறக் கிடந்தவனைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனது.

“அலையில வலு இல்ல” என்றான் தரணிவேல், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

“ஆமா, வலு இல்ல, வலு இல்ல” என்றது ஊர், அது எழுபத்தைந்து நாளாக யாருக்கும் தெரியாத ரகசியம் என்பதுபோல.

பொறியாளர் படிவத்தில் ‘பே’ என்று எழுதினார். லாரி டிரைவர் ஒருவர் வண்டியைக் கிளப்பிச் சூடேற்றினார். அஞ்சாபுலி தன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கன்னியப்பன் தன் போட் இருக்கிற பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தான், அதைப் பார்த்த தேசம்மா கொட்டகைக்குள் போய்ப் பலகையோடு வெளியே வந்தாள்.

பதினோரு நிமிடத்தில் நாலு போயிருந்தது. அவள் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துண்டைத் தோளைச் சுற்றி முடிந்துகொண்டு, நடுத்தெரு முழுக்க ஓடினாள். “எங்கடி ஓட்ற?” “கதவ எடுத்துக்கினு எங்க போவுது இது?” என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் குட்டையாகத் தங்கியிருந்த அலைக்கு முன்னால் பலகையைப் போட்டு, கடலைப் பார்க்கத் திருப்பி, குப்புறப் படுத்தாள். பலகை மிதந்தது. முதுகு நனையாமல் மிதந்தது.

“வா” என்றாள் பின்னால் திரும்பாமல். “அவசரம் ஒண்ணும் இல்ல. முடிஞ்சப்ப வா.”

அலை எழுந்தது. திரும்பிப் போகையில் அது வருகையில் இருந்ததைவிடக் களைப்பாக இருக்கும் என்பதை அவள் அறிவாள். இரண்டு கையாலும் சிமெண்டைத் தள்ளி, அது தன்னை எட்டுவதற்கு முன்பே அதன் வேகத்துக்குத் தன்னை ஏற்றிக்கொண்டாள், அலை பலகையின் வாலைத் தூக்கிக்கொடுத்தபோது சமையலறையில் மணையைவிட்டு எழுந்திருக்கிற மாதிரி எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது, செய்துகொண்டே விழுந்தவர்களுக்குத் தெரியாது. துள்ளவில்லை, கையை வீசவில்லை, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவளைப்போல் நின்றாள். பலகை அகலமாக, தட்டையாக, தண்ணீரைக் கிழிக்காமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஊராட்சி அலுவலகம் வந்தது. தினமும் கோடு போட்ட கண்ணுக்கு ஒன்று தெரிந்திருந்தது: வேகத்தடையில் ஏறும்போது அந்த அலை ஒரு கணம் அலையைப்போல் நிமிர்கிறது. அந்த ஒரு கணத்தைப் பலகையின் அகல வால் முழுசாக வாங்கிக்கொண்டது. இரண்டங்குலத் துடுப்புகள் வேகத்தடையைத் தொடாமல் தாண்டின. தேசம்மா ரேஷன் கடையையும் டீக்கடையையும் சைக்கிளில் இறக்கத்தில் போகிறவளைப்போல் கடந்தாள். சிரிப்பதற்கென்று திறந்த வாய்கள் மதில்களின்மேல் திறந்தபடியே இருந்தன.

“அண்ணி! எஞ்செருப்பு!” என்று கத்தினாள் வாசலில் நின்ற இருசம்மாள்.

தேசம்மா குனிந்து, கூடவே மிதந்து வந்த செருப்பை எடுத்து, சரியான வீட்டில் எறிந்தாள். பிறகு மணல், பிறகு நாற்பத்திரண்டு போட்டுகள், பிறகு கடல். இறங்கி, பலகையைக் கவிழ்த்து, தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

பொறியாளர் மணல்வரை நடந்து வந்தார். “இந்த முனைலேருந்து அந்த முனைக்குப் போகணும்னு சொன்னேன். நீங்க அங்கிருந்து இங்க வந்திருக்கீங்க.”

“படிவத்துல தெசை போட்டிருக்கா சார்?”

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேர்மையான மனிதர், “இல்ல” என்றார். ‘பே’யை அடித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தில் எழுதினார்: ‘விளையாட்டு. முழங்கால் உயரத்தை மிகாதது.’ லாரிகள் பாரம் இறக்காமல் திரும்பின. நாற்பத்திரண்டு போட்டுகளும் இருந்த இடத்தில் இருந்தன. கன்னியப்பன் டீக்கடையில் நின்றபடி ஒன்பது இட்லி தின்றான். சரியான நேரத்தில் சரியான ஆளை ஊர் தேர்ந்தெடுத்ததாக அஞ்சாபுலி பக்கத்து ஊர்த்தலைவர்களிடம் சொன்னார், முந்தின தீர்மானம் இருந்த பக்கத்தை ஊர் நோட்டிலிருந்து ஏற்கெனவே கிழித்திருந்தார்.

சாயங்காலம் முட்டியில் கட்டோடு தரணிவேல் கொட்டகைக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் கிளப்பே வந்து, வேறு எதற்கோ வந்ததுபோல் கடலைப் பார்த்து நின்றது.

“யக்கா.”

“இன்னாடா?”

“எனுக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். அதே அளவுல.”

“வெங்காயம் காய வைக்கவா?”

“அக்கா, வுடுக்கா.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அடியில மட்டும் இருபத்தாறுன்னு எழுதிடுக்கா.”

தேசம்மா அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்ற பத்தொன்பது முதுகுகளையும் பார்த்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வரிசையாக உயரமும் எடையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசிக் கட்டத்தில் அவரவர் விரும்பிய எண்ணையும் எழுதினாள். அதில் ஒருவன் இருபத்துநாலு கேட்டான், அவனைத் தரணிவேல் முறைத்ததும் இருபத்தேழாக ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை அலை வந்து போன பிறகு அவள் மின்கம்பத்துக்குப் போய், ஈரத்துக்கு மேல் வழக்கம்போல் கோடு போட்டாள். எழுபத்தைந்து நாள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தடித்திருந்த இடத்துக்கும் பொறியாளரின் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. புதிய கோடு அந்த இடைவெளியின் பாதியில் விழுந்தது.